பிரித்த கையும் மாற்றும் கையும்

பைக்கின் பின் ஷாக்கைக் கழற்றிப் பிரித்து, ஆயில் சீல் மாற்றி, புது எண்ணெய் ஊற்றி மூடத் தெரிந்தவர்கள் புதுச்சேரி சாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். அந்த வேலையை அவர்களிடமே கொண்டுபோனால், "எதுக்கு சார் இதெல்லாம்? ஒரு ஜோடி புதுசு வாங்கிட்டு வந்துடுங்க, அரை மணி நேரத்துல மாட்டிடலாம்" என்பார்கள். சோம்பலில் சொல்வதல்ல, கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்வது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் இதே கணக்கு நேர் எதிராக இருந்தது. புதுசு வாங்குவது கடைசி வழி; பிரிப்பதுதான் முதல் வழி.

புல்வார் என்று புதுச்சேரிக்காரர்கள் சொல்லும் நீள்வட்டச் சாலைக்குள் அடங்கியதுதான் ஒரு காலத்தில் பட்டணம். சாரம் அதற்கு வெளியே, உழவர்கரையைச் சேர்ந்த ஊர். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த காலத்தில் இங்கே வண்டி என்றால் சைக்கிளும் மாட்டு வண்டியும்தான். மில் வேலைக்குப் போனவர்கள் சைக்கிளில் போனார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் வீட்டைச் சொல்லித் தெருவுக்கே வழி காட்டலாம். இன்று காமராஜர் சாலையில் சிவப்பு விழுந்தால் முன்னால் வந்து முண்டியடித்து நிற்பதெல்லாம் இரண்டு சக்கரம். நகருக்குள் பேருந்தை நம்பிப் பிழைக்க முடியாது என்பதால் வேலைக்குப் போகிறவருக்கு ஒன்று, கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு ஒன்று என்று வாங்கி நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வைத் திடலில் கட்சிக் கூட்டம் நடக்கும் மாலையில் சுற்றுத் தெருக்களில் வண்டி விட இடம் கிடைக்காது. அத்தனை வண்டியிலும் பின்னால் ஒன்றோ இரண்டோ ஷாக் இருக்கிறது. பஞ்சர் ஆனால் பார்க்கிறோம், செயின் தொங்கினால் பார்க்கிறோம். ஷாக்கை முதுகு வலித்த பிறகுதான் பார்க்கிறோம்.

மோட்டார் சைக்கிள் வந்த நாளிலிருந்தே பின் ஷாக் இருந்ததில்லை. பழைய வண்டிகளில் பின் சக்கரம் சட்டத்தோடு இறுக்கி மாட்டப்பட்டிருக்கும். ஓட்டுகிறவரின் இடுப்பைக் காப்பாற்ற சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங். பின்னால் உட்கார்ந்தவர் பாடு அவர் பாடு. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 350 சிசி புல்லட்டில் பின் சக்கரம் ஸ்விங் ஆர்ம் என்ற அசையும் கரத்தில் ஏறி, இரண்டு பக்கமும் எண்ணெய் ஷாக்கோடு வந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட் வரத் தொடங்கியது. மைசூரிலிருந்து 1961-இல் ஜாவா வந்தது. அதை ஒட்டி எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத். இந்த மூன்று வண்டியில்தான் அன்றைய மெக்கானிக்குகள் ஷாக் வேலை பழகினார்கள்.

ஷாக் என்பது உண்மையில் இரண்டு பொருள். வெளியே தெரியும் ஸ்பிரிங் எடையைச் சுமக்கிறது, குழியில் விழும்போது சுருங்கி இடம் கொடுக்கிறது. ஆனால் சுருங்கிய ஸ்பிரிங் சும்மா இருக்காது. வாங்கியதைத் திருப்பித் தரும். அப்படித் தருவதை அடக்குவதுதான் உள்ளே இருக்கும் குழாயின் வேலை. அதற்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் துளையிட்ட பிஸ்டன். பிஸ்டனோடு சேர்ந்த ராட் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்தச் சிறு துளைகள் வழியே பிதுங்கிப் போக வேண்டும். குலுக்கல் வெப்பமாகி, குழாயின் தோலில் வெளியேறுகிறது. எண்ணெய் ஒழுகிப் போன ஷாக்கில் ஸ்பிரிங் மட்டும் மிச்சம். வண்டி ஓடும், ஆனால் ஒரு பள்ளத்துக்கு மூன்று முறை ஆடும்.

அன்று இந்தக் குழாயைத் திறக்க முடிந்தது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, மேல் கீழ் நட்டுகளைக் கழற்றி ஷாக்கை வெளியே எடுப்பார்கள். பிறகு வரும் காட்சி பட்டறையில் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பிடித்தது. ஷாக்கின் அடியில் மாட்டும் வளையமான கண்ணை வைஸில் கட்டிவிட்டு, மேஸ்திரி தன் முழு எடையையும் போட்டு ஸ்பிரிங்கை அமுக்குவார். அந்த ஒரு மூச்சில், கையாள் பையன் விரலை நுழைத்து ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் இரண்டு அரைவட்டத் துண்டுகளை உருவி எடுக்க வேண்டும். அமுக்கம் நழுவினால் விரல் போய்விடும். "எடுத்துட்டியாடா?" என்று மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பதும், "ஆச்சு மேஸ்திரி" என்று பையன் கத்துவதும் அந்தத் தொழிலின் பாடத்திட்டம். அதன் பிறகு மேல் மூடியைத் திருகித் திறந்து, கறுத்த எண்ணெயை டப்பாவில் கவிழ்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது ஆயில் சீல் போட்டு, அளவுக் குவளையில் எண்ணெய் அளந்து ஊற்றுவார்கள். அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஷாக்குக்கு என்றே விற்ற எண்ணெய் கிடைக்காத நாளில் இன்ஜின் ஆயிலே உள்ளே போனதும் உண்டு. வண்டி கொஞ்சம் கல்லாகிவிடும். வாடிக்கையாளர் அதையும் "சூப்பரா இறுக்கமா இருக்குண்ணே" என்று ஏற்றுக்கொள்வார்.

ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டால் அதற்கும் வழி இருந்தது. இரும்புப் பைப்பிலிருந்து விரல் அகலத் துண்டு வெட்டி, ஸ்பிரிங்குக்கு அடியில் வளையமாகப் போடுவார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும். ராட் தேய்ந்தால் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைப் பக்கம் லேத்துக்குப் போக வேண்டும். ஷாக்கின் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ் போனால் ரப்பர் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பழைய லாரி டயரிலிருந்து அறுத்துப் போட்டவர்களும் உண்டு. உதிரி பாகத்துக்குச் சென்னை ஜி.பி. ரோடு, பழசு வேண்டுமென்றால் புதுப்பேட்டை. ஒரு நாள் பஸ் பயணமும் ஒரு நாள் வேலை இழப்பும் சேர்ந்த அந்த விலைக்கு முன்னால், பிரித்து மூடும் கூலி ஒன்றுமே இல்லை. அதனால்தான் பிரித்தார்கள். ஷாக்கின் மேல் இருந்த ஆசையால் அல்ல.

சாரத்து மெக்கானிக்குக்குக் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர் மெக்கானிக்கை விட இந்த வேலை அதிகம் வந்ததற்குக் காரணம் கடல். வங்கக் கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். உப்புக் காற்றில் இரும்பு எப்படிப் பூக்கும் என்று இங்கே ஜன்னல் கம்பி வைத்த யாருக்கும் தெரியும். ஷாக்கின் ராடுக்கு மேல் இருப்பது கண்ணாடி போல மின்னும் குரோம் பூச்சு. அதில் எங்காவது நுண்ணிய ஓட்டை விழுந்து துரு ஏறினால், ஊசி முனை அளவு மேடு உண்டாகும். ராட் ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் அந்த மேடு ஆயில் சீலின் உதட்டை அறுக்கும். புது சீல் போட்டும் இரண்டு மாதத்தில் ஒழுகுகிறது என்று மெக்கானிக்கைத் திட்டியவர்கள் பலர்; தப்பு சீலில் இல்லை, ராடில். இது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை. பாண்டி மெரினாவில் காற்று வாங்கப் போய் மணலோரம் நிறுத்திவிட்டு வருகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ராடைத் துடைத்தால் போதும். யாரும் துடைப்பதில்லை.

கணக்கு மாறத் தொடங்கியது 1980-களில். ஓசூரிலிருந்து 1980-இல் டிவிஎஸ் 50 வந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100. சைக்கிளில் மில்லுக்குப் போனவரின் மகன் மொபெட்டில் ஏறினான், பேரன் பைக்கில் ஏறினான். லட்சக்கணக்கில் ஒரே மாதிரி வண்டி ஓடத் தொடங்கியதும் ஒரே மாதிரி ஷாக்கும் லட்சக்கணக்கில் தேவைப்பட்டது. 1961-இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா ஓசூரிலும் ஆலை போட்டது. வடக்கே ஹீரோ ஹோண்டாவுக்காக முஞ்சால் ஷோவா வந்தது. ஆலையில் குழாயின் வாயை மடித்து அழுத்தி மூடிவிடுவார்கள். திருகு மூடி கிடையாது. திறந்தால் திரும்ப மூட முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அப்படி மூடிய ஷாக், பட்டறையில் பிரித்து மூடிய ஷாக்கை விடப் பல மடங்கு நாள் தாங்கியது.

அடுத்து வந்தது வாயு. வேகமாகக் குலுங்கும்போது எண்ணெயும் காற்றும் கலந்து நுரைக்கும். நுரை துளைக்குள் சுலபமாகப் போய்விடும், ஷாக் தளர்ந்துவிடும். நைட்ரஜனை அழுத்தத்தில் அடைத்து எண்ணெயை நுரைக்க விடாமல் வைக்கலாம் என்று 1950-களிலேயே ஷாக் செய்து காட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர், பூர்சியே த கார்போன். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன அதே காலத்தில் பிறந்த பிரெஞ்சுச் சரக்கு, புதுச்சேரித் தெருவில் சாதாரண ஆளின் வண்டிக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது. 2000-களின் நடுவில் பஜாஜ் பல்சரில் நைட்ராக்ஸ் என்ற பெயரோடு, பக்கத்தில் ஒரு சின்ன சிலிண்டர் ஒட்டிய ஷாக் வந்தபோது, அந்தச் சிலிண்டருக்காகவே வண்டி வாங்கிய பையன்களை எனக்குத் தெரியும்.

அதற்கும் முன்னால், 2004-இல், ஹோண்டா யூனிகார்ன் இரண்டு ஷாக்கை ஒன்றாக்கியது. 2008-இல் யமஹா எஃப்இசட் அதை எல்லோருக்கும் ஆசையாக்கியது. சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் இந்த மோனோ ஷாக்கை வெளியே எடுக்க சீட், பக்கத் தகடு, சில வண்டிகளில் டேங்க் வரை கழற்ற வேண்டும். இரட்டை ஷாக் வண்டியில் ஒன்று ஒழுகினாலும் மற்றது கொஞ்ச நாள் சமாளிக்கும். இங்கே அந்த வசதி இல்லை. மட்கார்டு சின்னதாக இருக்கும் வண்டிகளில் பின் சக்கரம் வாரி இறைக்கும் சேறு நேராக ஷாக்கின் மேல்தான் போய் அப்பும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறி நகராமல் நின்றதில், ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் மக்களை மீட்க ராணுவம் வந்தது. ரெயின்போ நகரில் வண்டிகள் சீட் வரை தண்ணீரில் நின்றன. வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் இன்ஜினையும் கார்புரேட்டரையும் பார்த்தார்கள். ஷாக்கை ஸ்விங் ஆர்மோடு இணைக்கும் லிங்க் வைத்த மோனோ ஷாக் வண்டிகளில் அந்த லிங்க் பேரிங்குகளில் புகுந்த சேற்றுத் தண்ணீரை யாரும் பார்க்கவில்லை. கிரீஸ் கழுவிப் போன பேரிங், 'கிரீச்' என்று கத்தித் தன்னைக் காட்டிக்கொள்ளப் பல மாதம் எடுத்துக்கொள்ளும்.

இன்று பட்டறையில் ஷாக் வேலை என்றால் இப்படித்தான்: மெக்கானிக் சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் ஒரு அமுக்கு அமுக்கி விடுகிறார், ராடைக் குனிந்து பார்க்கிறார், எண்ணெய் ஈரத்தில் விரலை வைக்கிறார், "போச்சு" என்கிறார். போனில் பாகத்தின் படத்தைத் தேடிக் காட்டுகிறார். மறுநாள் வந்துவிடுகிறது. பழையது காயலான் கடைக்கு. மேஸ்திரி என்ற சொல்லே குறைந்துவிட்டது, எல்லோரும் 'அண்ணே'தான். கையாள் பையன் என்ற பதவியும் இல்லை. அந்த வயதுப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். இருக்க வேண்டிய இடம் அதுதான். விரல் போகாமல் வளர்ந்த ஒரு தலைமுறைக்காக, ஷாக்கைப் பிரிக்கும் கலை ஒன்று தொலைந்து போனால் எனக்கு வருத்தமில்லை.

பழசைப் பற்றி உருகுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். பட்டறையில் மூடிய ஷாக்கில் இரண்டு பக்கமும் எண்ணெய் சமமாக இருந்தது பாதி நாள்தான். பைப் துண்டு போட்டு நிமிர்த்திய வண்டி, ஆள் ஏறினால் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி 'டங்' என்று அடிக்கும். இன்றும் சில இடங்களில், மூடிய ஷாக்கைத் துளையிட்டு, எண்ணெய் ஏற்றி, துளையில் போல்ட் வைத்துப் பற்றவைத்துத் தருகிறார்கள். சாதாரண எண்ணெய் ஷாக்கில் அது வெறும் வீண் வேலை. அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்த ஷாக்கில் அது விபரீதம். துளை விழும் கணத்தில் எண்ணெய் கண்ணுக்கு நேராகப் பீறிடும். வாயு ஷாக்கை ரிப்பேர் செய்ய அதற்கான கருவி வைத்த இடங்கள் பெரிய நகரங்களில் உண்டு, விலை உயர்ந்த வண்டிகளுக்கு அது கட்டுப்படியாகும். நம் நூறு சிசி வண்டிக்குப் புது ஜோடிதான் சரி. ஜோடி என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒழுகிய ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் இளையவன், ஒரு பக்கம் கிழவன். வளைவில் வண்டி அதைக் காட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உண்மையாகவே நான் இழப்பு என்று கருதுவது வேறொன்று. ஆள் எடைக்கு ஏற்ப ஷாக்கைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் வசதி அன்று பல வண்டிகளில் பெயரளவில்தான் இருந்தது; ஆனாலும் அது இருந்தவர்கள் பயன்படுத்தினார்கள். இன்று அது பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஸ்பிளெண்டரில் ஐந்து படி. பல்சரில் ஐந்து. கிளாசிக் 350-இல் ஆறு. எஃப்இசட்டில் ஏழு. 2020-இல் வந்த ஆக்டிவா 6ஜி-யில்கூட மூன்று. ஸ்பிரிங்குக்கு அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டிய அந்த வளையத்தை ஷாக் ஸ்பேனர் போட்டுத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆலையில் வைத்த படியிலேயே பத்து ஆண்டு ஓடி, வளையம் துருவேறி இறுகி, கடைசியில் ஷாக்கோடு சேர்ந்து காயலான் கடைக்குப் போன வண்டிகள் எத்தனையோ.

அந்த வளையம் என்ன செய்கிறது என்பதிலும் குழப்பம் உண்டு. "ஏத்தி வெச்சா ஷாக் ஹார்டாயிடும்" என்று மெக்கானிக்குகளே சொல்வார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. கம்பி அதே கம்பிதான். வளையத்தை ஏற்றினால் ஸ்பிரிங் முன்கூட்டியே கொஞ்சம் சுருங்கி நிற்கிறது. எனவே எடை ஏறும்போது வண்டியின் பின்பக்கம் குறைவாக உட்காருகிறது. தனியாகப் போகிறவருக்குக் கீழ்ப்படி போதும். அம்மா பின்னால், பிள்ளை நடுவில், முன்னால் அரிசி மூட்டை என்று போகிறவருக்குக் கீழ்ப்படி போதாது. ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் தன் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு சுருங்குவது சரி. பாதிக்கு மேல் சுருங்கிவிட்டால், பள்ளம் வரும்போது மேலும் சுருங்க இடமில்லை. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் தூக்கும். முன் சக்கரத்தின் பிடி குறையும், ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும்.

சாரத்தில் ஷாக்குக்கு முதல் எதிரி பள்ளமல்ல, வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமுமாக, மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். நம் தெருக்களில், யாரோ ஒரு வீட்டுக்காரர் சிமெண்ட் மிச்சத்தில் போட்ட மாதிரி, ஒரு சாண் அகலத்தில் செங்குத்தாக ஒரு வரப்பு. வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது. அதில் ஆள் ஏற்றிய வண்டி விழும்போது முதலில் அடி வாங்குவது ஷாக், இரண்டாவது பின்னால் உட்கார்ந்தவரின் முதுகெலும்பு. இடையில் ஒரு வளையம் இருக்கிறது, அதை யாரும் திருப்பவில்லை.

எனவே ஒரு வேலை சொல்கிறேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சீட்டை ஒரு முறை நன்றாக அமுக்கி விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினாலோ, ராடில் எண்ணெய் ஈரம் தெரிந்தாலோ ஜோடியாக மாற்றுங்கள், பிரிக்கச் சொல்லாதீர்கள். நன்றாக இருந்தால், அடுத்த சர்வீஸுக்கு விடும்போது, "அண்ணே, பின்னால எப்பவும் ஆள் உக்காருவாங்க, ஷாக்கை ரெண்டு படி ஏத்தி விடுங்க" என்று சொல்லுங்கள். இரட்டை ஷாக் வண்டியாக இருந்தால், எடுக்கும்போது குனிந்து, இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.